கிரிப்டோ முதுகலைப் படிப்புக்கு 9 லட்சம் ரூபாய் கட்டலாமா?

வாசகர் கேள்விக்கு வழக்கறிஞரின் ஆலோசனை

குடியாத்தம் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன். வயது 26. பி.காம். முடித்துவிட்டு ராணிப்பேட்டையில் தோல் பொருள்களை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். மாதச் சம்பளம் 24,000 ரூபாய். தந்தை லுங்கி நெசவாளர். நிதித் துறையில் பிளாக்செயின் (பலர் ஒரே பதிவேட்டைப் பகிர்ந்து வைக்கும்) தொழில்நுட்பமும், கிரிப்டோ எனப்படும் டிஜிட்டல் நாணயச் சொத்துகளும் பற்றிய ஓராண்டு முதுகலைப் படிப்பில், ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரால் இணையவழியில் சேர, ஒரு முகவர் மூலம் அவருக்கு அழைப்பு வந்திருக்கிறது. கட்டணம் 9 லட்சம் ரூபாய். இந்தியாவில் அது எம்.பி.ஏ.வுக்குச் சமம் என்றும், குஜராத்தின் கிஃப்ட் சிட்டி நிதி மையத்தில் வேலை உறுதி என்றும், கட்டணத்தை யுஎஸ்டிடி என்ற டாலர் மதிப்புக் கிரிப்டோவில் கட்டினால் பத்து சதவீதம் தள்ளுபடி என்றும் முகவர் சொல்கிறார். முன்பணமாக 50,000 ரூபாயும் அசல் சான்றிதழ்களும் கேட்கிறார்.

அக்காவின் கணவரான மாமா, அரசாங்கமே வரி போட்டுவிட்டதால் கிரிப்டோ சட்டபூர்வமாகிவிட்டது, தயங்காதே என்கிறார். தந்தையோ, ரிசர்வ் வங்கி தடை செய்த சூதாட்டத்துக்குப் படிப்பு வேறா என்று கேட்கிறார். மாதாமாதம் பெரிய வட்டி தருவதாகச் சொன்ன ஒரு நிதி நிறுவனத்தில் உறவினர்கள் பணத்தைப் போட்டு இழந்ததை நேரில் பார்த்தவர் அவர். வேலையை விட்டுவிட்டு டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி இரண்டு ஆண்டு எம்.பி.ஏ. படிக்கலாமா என்ற எண்ணமும் வாசகிக்கு இருக்கிறது. அவரே சிறு தொகைக்குக் கிரிப்டோ நாணயங்கள் வாங்கி விற்றதில் ஒன்றில் 40,000 ரூபாய் லாபம், மற்றொன்றில் 60,000 ரூபாய் நஷ்டம். அம்மாவின் நகைகளை அடகு வைத்தாவது சேரலாமா என்பதே அவர் முடிவாகக் கேட்கும் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். படிப்பைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன்னால், கடிதத்தின் நடுவே ஒரே வரியில் நீங்கள் சொல்லிவிட்டுக் கடந்து போன ஒரு செய்தியை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. "மாமா யுஎஸ்டிடி விற்கும்போது அவருடைய கணக்கில் வரம்பு முடிந்துவிட்டதால் மூன்று முறை என் சம்பளக் கணக்கில் பணம் வாங்கிக் கொடுத்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதை இன்றோடு நிறுத்துங்கள்.

காரணத்தை விளக்குகிறேன். பரிமாற்றத் தளங்களில் ஒருவருக்கொருவர் நேரடியாக விற்பதை 'பி2பி' என்கிறார்கள். அதில் யுஎஸ்டிடியை வாங்குபவர் யார், அவர் அனுப்பும் ரூபாய் எங்கிருந்து வந்தது என்பது விற்பவருக்குத் தெரியாது. வேறொரு மாநிலத்தில் இணைய மோசடியில் பணத்தை இழந்த ஒருவர் 1930 என்ற எண்ணில் புகார் செய்தால், அந்தப் பணம் கை மாறிய ஒவ்வொரு கணக்கையும் காவல் துறை தொடர்ந்து வருகிறது. இடையில் உங்கள் கணக்கும் இருந்தால், முன்னறிவிப்பு ஏதும் இல்லாமல் உங்கள் வங்கி அதை நிறுத்தி வைக்கும். மாதத்தின் முதல் வாரத்தில் சம்பளம் எடுக்கப் போகும்போதுதான் பலருக்கும் விஷயம் தெரிகிறது. பெயர் தெரியாத ஊரின் சைபர் குற்றக் காவல் நிலையத்துக்கு விளக்கம் எழுதிக்கொண்டு என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் யாரையும் ஏமாற்றியவர்கள் அல்லர். உறவினருக்காகக் கணக்கைக் கொடுத்தவர்கள். சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைக்கலாமே தவிர, தொகையைக் குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் காலவரையின்றி முடக்குவது சரியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொல்லியிருக்கிறது. ஆயினும் அந்த நிவாரணத்தைப் பெற மனுப் போட்டு அலைய வேண்டும். அந்த மூன்று பரிவர்த்தனைகளின் தேதி, தொகை, அனுப்பியவர் பெயர், உங்கள் மாமாவுக்கு நீங்கள் திருப்பி அனுப்பிய விவரம், அவருடைய தளத்தில் அந்த விற்பனைக்கு உரிய பதிவு ஆகியவற்றை இப்போதே எடுத்து ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். மாமாவிடம் இதை மரியாதையாகவே சொல்லலாம். மறுப்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

இனிப் படிப்பு. உங்கள் வீட்டில் நடக்கும் வாதம் முழுவதையும் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: நாணயம் வாங்கி விற்பதையும், அந்தத் தொழில்நுட்பத்தைப் படிப்பதையும் மூன்று பேருமே ஒன்றாக வைத்துப் பேசுகிறீர்கள். மாமா வர்த்தகத்தில் உள்ள ஆர்வத்தால் படிப்பை ஆதரிக்கிறார். அப்பா வர்த்தகத்தில் உள்ள அச்சத்தால் படிப்பை எதிர்க்கிறார். நீங்களும் நாணயத்தில் விட்ட 20,000 ரூபாயைப் பட்டத்தால் ஈடுகட்டிவிடலாம் என்ற தொனியில் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் பிரித்து வைத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரு நாணயம்கூட வாங்காமல் இந்தப் பாடத்தில் தேர்ச்சி பெறலாம்.

சட்டம் எங்கே நிற்கிறது

உங்கள் தந்தை சொல்வதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2018 ஏப்ரல் 6 அன்று ரிசர்வ் வங்கி, தன் கட்டுப்பாட்டில் உள்ள வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கிரிப்டோ தொடர்பான சேவை எதையும் வழங்கக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. ஆனால் 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்துவிட்டது. ஆகவே, வைத்திருப்பதும் வாங்கி விற்பதும் இன்று குற்றமல்ல. அந்தத் தீர்ப்பு வந்த செய்தி, சுற்றறிக்கை வந்த செய்தி பரவிய அளவுக்கு வீடுகளுக்குள் வந்து சேரவில்லை.

மாமா சொல்வதும் பாதி உண்மைதான். 2022-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இவற்றை 'மெய்நிகர் டிஜிட்டல் சொத்து' என்று பெயரிட்டு, லாபத்தின் மீது 30 சதவீத வரியையும், அந்த ஆண்டு ஜூலை 1 முதல் பரிமாற்றத் தொகையில் ஒரு சதவீத வரி முன்பிடித்தத்தையும் கொண்டுவந்தது. அதனால் அது சட்டபூர்வமான பணமாகிவிடவில்லை. இதைச் சட்டபூர்வமாக்கவோ தடை செய்யவோ இந்தக் கட்டத்தில் தான் எதுவும் செய்யவில்லை, வரி விதிப்பது அரசின் இறையாண்மை உரிமை என்ற பொருளில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2022 பிப்ரவரியில் மாநிலங்களவையிலேயே தெளிவுபடுத்தினார். 2023 மார்ச் முதல் பரிமாற்ற நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வந்து, வாடிக்கையாளர் விவரங்களைச் சரிபார்க்கவும், சந்தேகப் பரிவர்த்தனைகளை நிதி உளவுப் பிரிவுக்குத் தெரிவிக்கவும் கடமைப்பட்டிருக்கின்றன. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு பரிமாற்றத் தளத்தில் முடங்கிப்போன நாணயங்கள் தொடர்பான வழக்கில், கிரிப்டோ என்பது ஒருவர் உடைமையாக வைத்திருக்கவும் மற்றொருவர் அவருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கவும் கூடிய சொத்து என்று கூறியது. தடையும் இல்லை, முழுமையான தனிச் சட்டமும் இல்லை, வரியும் கண்காணிப்பும் மட்டும் உண்டு என்பதே இன்றைய நிலை. இப்படி அரைகுறையாக வகுக்கப்பட்ட துறையில்தான் சட்டமும் நிதியும் சேர்ந்து தெரிந்த ஆள்களுக்குத் தேவை இருக்கிறது. அந்த வகையில் இந்தப் பாடத்தை உங்கள் தந்தை அஞ்சுவது போல அஞ்ச வேண்டியதில்லை.

இத்தோடு உங்கள் 40,000, 60,000 கணக்கையும் முடித்துவிடுகிறேன். இரண்டையும் கழித்தால் நஷ்டம்தானே, வரி எங்கிருந்து வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தச் சட்டத்தில் ஒரு நாணயத்தின் நஷ்டத்தை மற்றொரு நாணயத்தின் லாபத்தில்கூடக் கழிக்க முடியாது. சம்பளத்திலும் கழிக்க முடியாது. அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லவும் முடியாது. வாங்கிய விலையைத் தவிர வேறு செலவையும் காட்ட முடியாது. ஆக 40,000 ரூபாய்க்கு 30 சதவீதம் 12,000, அதன் மேல் 4 சதவீதக் கூடுதல் தீர்வை 480, மொத்தம் 12,480 ரூபாய். உங்கள் சம்பளம் வரி வரம்புக்குக் கீழே இருப்பதால் இந்தத் தனி வரி தானாக நீங்கிவிடாது. விற்ற நிதியாண்டைப் பொறுத்துத் தள்ளுபடி ஏதும் பொருந்துமா என்பதையும், கெடு கடந்திருந்தால் கூடுதல் வரியோடு புதுப்பித்த கணக்கைத் தாக்கல் செய்வதையும் ஒரு பட்டயக் கணக்காளரிடம் கேட்டுச் செய்துவிடுங்கள். இந்தத் துறையில் வேலை தேடப் போகிறவரின் வரிக் கணக்கில் இப்படி ஓர் ஓட்டை இருக்கக் கூடாது.

முகவரின் வாக்குறுதிகள்

இந்தப் படிப்பே போலி என்று நான் சொல்லவில்லை. சைப்ரஸ் நாட்டின் நிக்கோசியா பல்கலைக்கழகம் 2014-லேயே டிஜிட்டல் நாணயத்துக்கு முதுகலைப் படிப்பைத் தொடங்கியது; இந்த வகையில் அதுவே உலகில் முதலாவது. அறிமுகப் பாடத்தை எவரும் கட்டணமின்றிப் படிக்கத் திறந்தும் விட்டது. கல்விக் கட்டணத்தைப் பிட்காயினில் வாங்குவதாக 2013-இல் அறிவித்ததும் அந்தப் பல்கலைக்கழகம்தான். உங்கள் முகவர் "வெளிநாட்டில் பல்கலைக்கழகங்களே கிரிப்டோவில் கட்டணம் வாங்குகின்றன" என்று சொல்வதற்கு இப்படி ஒரு முன்மாதிரி உண்டு.

ஆனால் அங்கே வாங்குவதற்கு இடமிருப்பதும், இங்கிருந்து நீங்கள் அப்படிக் கட்டுவதற்கு இடமிருப்பதும் வேறு வேறு. இந்தியாவில் வசிக்கும் ஒருவர் வெளிநாட்டுக் கல்விக்குப் பணம் அனுப்புவதற்கு என்று வகுக்கப்பட்ட வழி, அனுமதி பெற்ற வங்கி மூலம், ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரம்புக்குள் அனுப்புவது. வங்கி உங்கள் பான் எண்ணையும் நோக்கத்தையும் பதிவு செய்துகொண்டு பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே அனுப்பும். யுஎஸ்டிடியில் கட்டுவது இந்த வழியைச் சுற்றிக்கொண்டு போவதாகும். கிரிப்டோவைப் பெயர் சொல்லித் தடுக்கும் விதி அந்நியச் செலாவணிச் சட்டத்தில் இல்லையே என்று வாதாட ஒரு வழக்கறிஞர் கிடைப்பார். எனினும் மீறல் என்று முடிவானால் அந்தச் சட்டத்தில் தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க இடமுண்டு. பத்து சதவீதத் தள்ளுபடிக்காக அந்த வாதத்தில் போய் நிற்க வேண்டாம். மேலும், யுஎஸ்டிடியைக் கட்டணமாகக் கொடுப்பதும் வரிச் சட்டத்தில் ஒரு விற்பனைதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முகவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய, கிரிப்டோவைப் பெறுவதற்கான வாலட் முகவரியைக் கடிதத்தில் அப்படியே எழுதியிருக்கிறீர்கள். அந்த நீண்ட எழுத்துக் கோவையில் அது யாருடையது என்று காட்டும் எதுவும் இல்லை. பல்கலைக்கழகத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்காக இருந்தால், தவறு நடந்தால் வங்கியிடம் முறையிட்டுப் பின்தொடரலாம். வாலட்டுக்குப் போன யுஎஸ்டிடியை அனுப்பியவர் திரும்ப அழைக்க முடியாது. நீங்கள் படிக்க விரும்பும் பாடத்தின் முதல் அத்தியாயமே இதுதான்.

'எம்.பி.ஏ.வுக்குச் சமம்' என்ற சொல்லையும் அப்படியே ஏற்க வேண்டாம். வெளிநாட்டுப் பட்டங்களுக்குச் சமநிலைச் சான்று வழங்குவதற்காகப் பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஏப்ரலில் விதிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. அவை நேரில் முறையாகப் பயின்ற பட்டங்களை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. இணையவழிப் பட்டத்துக்கு அந்தச் சான்று கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் பணம் கட்டக் கூடாது. இணையக் கல்வி நிறுவனங்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து அங்கீகாரமின்றிப் பட்டம் வழங்குவது பற்றி 2023 டிசம்பரிலேயே அக்குழு மாணவர்களை எச்சரித்தது. சமநிலை இல்லாத பட்டம் வீண் என்று பொருளல்ல. தனியார் நிறுவனம் உங்கள் அறிவைப் பார்த்து வேலை தரலாம். ஆனால் பிறகு முனைவர் பட்டத்துக்கோ அரசுப் பணிக்கோ போக நினைத்தால் கதவு மூடியிருக்கும். எந்தக் கதவு உங்களுக்கு வேண்டும் என்பதை முடிவு செய்த பிறகுதான் பட்டத்தின் விலையைப் பேச வேண்டும்.

கிஃப்ட் சிட்டி உண்மையான சர்வதேச நிதிச் சேவை மையம். அங்கே வேலைகளும் உண்டு. அங்குள்ள நிறுவனம் எதுவும் உங்களுக்கு வேலைக் கடிதம் தராத வரை, மற்றொருவர் தரும் 'உறுதி' வெறும் பேச்சுதான். அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். எந்த நிறுவனம், என்ன பதவி, தவறினால் எவ்வளவு பணம் திரும்பும் என்று. அசல் சான்றிதழ்களை எவரிடமும் கொடுக்க வேண்டாம். இந்தியக் கல்வி நிறுவனங்களே சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. ஒரு முகவருக்கு அந்த உரிமை எங்கிருந்து வரும்? முன்பணம் கட்டியிராதது நல்லது. ஒருவேளை இதைப் படிக்கும் வேறு எவராவது கட்டியிருந்தால், பொய் வாக்குறுதி கொடுத்துப் பணம் வாங்கிய முகவர் மீது, சேவைக் குறைபாடு என்ற அடிப்படையில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். கல்வி நிறுவனத்தின் மீதே அப்படி வழக்கு நிலைக்குமா என்பதில் முரண்பட்ட தீர்ப்புகள் இருக்கின்றன.

உங்கள் கையில் இருக்கும் தொழில்

கடிதத்தில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி, நீங்கள் பெரிதாக நினைக்காமல் எழுதிய பகுதி. கப்பல் ஹாம்பர்க் போய்ச் சேர்ந்துவிட்டது, சரக்கின் உரிமை ஆவணமான பி.எல். (கப்பல் சரக்குச் சீட்டு) இன்னும் கொரியரில் இருக்கிறது, சரக்கை எடுக்க முடியாமல் வாங்குபவர் தினமும் அழைக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வங்கியின் பண உறுதிக் கடிதமான எல்.சி.யில் ஆட்டுத்தோல் என்றும் இன்வாய்ஸில் வெள்ளாட்டுத்தோல் என்றும் ஒரு சொல் மாறிப்போனதற்காக வங்கி ஆவணங்களைத் திருப்பி அனுப்பியதையும், அன்று இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து நீங்கள் அதைச் சரிசெய்ததையும் சொல்லியிருக்கிறீர்கள்.

நிதித் துறையில் பிளாக்செயின் எதற்கு என்று கேட்டால், பாடநூல்கள் முதலில் எடுத்துக்காட்டும் இடங்களில் ஒன்று இதுவே. எல்.சி. நடைமுறைக்கான சர்வதேச விதிகளின்படி ஆவணங்களைப் பரிசோதிக்க வங்கிக்கு ஐந்து வங்கி வேலை நாள்கள் வரை உண்டு. பி.எல். வழக்கமாக மூன்று அசல்களாக வருகிறது. அசலைக் கையில் வைத்திருப்பவருக்கே சரக்கு. இந்தக் காகிதம் ஊர் ஊராகப் பயணம் செய்வதற்குப் பதிலாக, கப்பல் நிறுவனம், இரு தரப்பு வங்கிகள், வாங்குபவர், விற்பவர் எல்லோரும் ஒரே பதிவேட்டின் பிரதியை வைத்துக்கொண்டு, யாரும் தனியாக மாற்ற முடியாதபடி உரிமையைக் கைமாற்றலாமே என்பதுதான் யோசனை.

யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நடந்ததைப் பாருங்கள். மெர்ஸ்க் கப்பல் நிறுவனமும் ஐபிஎம்மும் 2018-இல் தொடங்கிய 'டிரேட்லென்ஸ்' என்ற தளத்தை, உலகளாவிய தொழில்துறையின் முழு ஒத்துழைப்பு கிடைக்கவில்லை என்று 2022 நவம்பரில் நிறுத்துவதாக அறிவித்தார்கள். ஐரோப்பிய வங்கிகள் சேர்ந்து நடத்திய 'வீ.டிரேட்' அதே ஆண்டு மூடப்பட்டது. ஆஸ்திரேலியப் பங்குச் சந்தை, பங்குப் பரிவர்த்தனைகளை முடித்து வைக்கும் தன் தீர்வு முறையைப் பிளாக்செயினுக்கு மாற்றும் பல ஆண்டுத் திட்டத்தை அதே நவம்பரில் கைவிட்டது. இவை மோசடிகள் அல்ல. பெரிய நிறுவனங்கள் நேர்மையாக முயன்று தோற்றவை. போட்டியாளர் நடத்தும் பதிவேட்டில் தன் தகவலைப் போட எந்தக் கப்பல் நிறுவனம் விரும்பும்? அதைவிட அடிப்படையான சிக்கலும் உண்டு. பதிவேட்டில் ஏறிய பிறகு ஒரு எழுத்தை மாற்றினாலும் பிளாக்செயின் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பெட்டிக்குள் ஆயிரம் ஜோடிக் காலணி இருக்கிறதா, தொள்ளாயிரம்தான் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. முதலில் பொய்யை ஏற்றினால் பொய்யையே அழியாமல் காக்கும். ஆவணப் பிரிவில் நான்கு ஆண்டுகள் இருந்த உங்களுக்கு இது சொன்னவுடன் புரிகிறது. கணினி மட்டும் படித்துவிட்டு வரும் மாணவருக்குப் புரிய ஒரு பருவம் ஆகும்.

நிலைத்து நின்றவையும் உண்டு. ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் ரூபாய் 2022 டிசம்பர் 1 முதல் சில்லறைப் பயன்பாட்டுக்கான சோதனையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கிரிப்டோ சந்தைகளுக்கு முழுமையான சட்டம் இயற்றியது. டாலர் மதிப்பு நாணயங்களுக்கு அமெரிக்கா 2025 ஜூலையில் சட்டம் செய்தது. மின்னணு வணிக ஆவணங்களுக்குக் காகித ஆவணங்களின் அதே தகுதியைத் தரும் சட்டத்தைப் பிரிட்டன் 2023-இல் கொண்டுவந்தது. நம் நாட்டிலும் 1856-ஆம் ஆண்டின் பி.எல். சட்டத்தின் இடத்துக்கு 2025-இல் புதிய சட்டம் வந்திருக்கிறது. ஐரோப்பாவுக்குக் காலணி அனுப்பும் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி நிறுவனங்களை இவற்றில் சில நேரடியாகத் தொடப் போகின்றன. ஆகவே வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஆளாக மாறுவதற்காகப் படிக்காதீர்கள். இந்த வேலையில் தெரிந்துகொண்டதன் மேல் கட்டுவதற்காகப் படியுங்கள்.

பணக் கணக்கு

9 லட்சத்தில் ஒரு லட்சம் கையிலிருந்து போட்டு, 8 லட்சம் பத்தரை சதவீத வட்டிக்கு ஏழு ஆண்டுகளுக்குக் கடன் வாங்கினால், மாதத் தவணை ஏறத்தாழ 13,500 ரூபாய் வரும். அது உங்கள் இன்றைய சம்பளத்தில் பாதிக்கு மேல். கல்விக் கடனில் நான்கு லட்சம் வரை பிணை கேட்பதில்லை. கடன் உத்தரவாதத் திட்டத்தின் கீழ் ஏழரை லட்சம் வரையிலும் பிணையின்றிக் கிடைக்கும். ஆனால் படிப்பும் நிறுவனமும் அங்கீகாரம் பெற்றவையா என்று வங்கி பார்க்கும். உங்கள் வங்கிக் கிளையில் முகவர் கொடுத்த தாள்களைக் காட்டிக் கேளுங்கள். இந்தப் படிப்புக்குக் கல்விக் கடன் இல்லை என்று மேலாளர் சொன்னால், அதே படிப்புக்கு அம்மாவின் நகையை வைக்கலாமா என்ற கேள்விக்கும் அதிலேயே பதில் கிடைத்துவிடும். நகைக்கடனில் படிப்பு முடியும்வரை தவணைக்கு விடுப்புக் கிடையாது. வட்டி ஓடும், கெடு தவறினால் ஏலம். வேண்டாம் என்பதே என் கருத்து.

என்ன செய்யலாம்

முகவரை விட்டுவிடுங்கள். வேலையில் இருந்துகொண்டே, மத்திய அரசின் இணையக் கல்வித் தளமான ஸ்வயத்தில் ஐஐடி காரக்பூர் பேராசிரியர்கள் நடத்தும் பிளாக்செயின் பாடத்தைப் படித்துத் தேர்வு எழுதுங்கள். படிக்கக் கட்டணம் இல்லை. தேர்வுக்கு மட்டும் சிறு தொகை. அதில் ஹேஷ் (தகவலின் சுருக்கக் குறியீடு), டிஜிட்டல் கையொப்பம், பலர் ஒரே பதிவை ஒப்புக்கொள்ளும் முறை ஆகியவை வரும்போது மனம் ஈடுபடுகிறதா, சலிக்கிறதா என்று பாருங்கள். ஈடுபட்டால் மேலே போகலாம். சலித்தால் 9 லட்சம் மிச்சம்.

அதன் பிறகு டான்செட். வேலூரிலிருந்து போய்வரும் தூரத்திலோ சென்னையிலோ நிதிப் பிரிவு எம்.பி.ஏ. நல்லபடியாக நடத்தும் கல்லூரிகள் இருக்கின்றன. இரண்டு ஆண்டு சம்பளம் போகும் என்பது உண்மையான இழப்பு. அதை மறைக்க மாட்டேன். வீட்டு நிலைமையில் அது முடியாது என்றால், மானியக் குழுவின் அனுமதி பெற்ற இந்தியப் பல்கலைக்கழகங்களின் இணையவழி எம்.பி.ஏ. ஒன்றை வேலையோடு படியுங்கள். அனுமதி பெற்றவற்றின் பட்டியல் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்தில் இருக்கிறது. நிறுவனத்தின் விளம்பரத்தில் பார்க்காமல் அங்கே போய்ப் பாருங்கள். பாடத்திட்டத்தைக் கையில் வாங்கிப் படியுங்கள். நாணயங்களின் விலை வரைபடம் பார்ப்பதும் வர்த்தக உத்தியும் பாதி இடத்தைப் பிடித்திருந்தால் ஒதுக்கிவிடுங்கள். நிறுவன நிதி, கணக்கியல், பணமோசடித் தடுப்பு, சொத்துகளைப் பாதுகாப்பில் வைத்திருக்கும் முறை, பல நாட்டுச் சட்டங்கள் ஆகியவை இருந்தால் அது படிப்பு. விதிகள் பின்பற்றப்படுவதைக் கவனிக்கும் வங்கிகளின் இணக்கப் பிரிவு, தணிக்கை நிறுவனங்கள், பரிமாற்றத் தளங்களின் கண்காணிப்புப் பிரிவு ஆகியவை ஆள் எடுப்பது இந்தப் பாடங்களில் தேறியவர்களைத்தான்.

வெளிநாட்டுப் பட்டம்தான் வேண்டும் என்று பிறகும் தோன்றினால், பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில் நீங்களே விண்ணப்பியுங்கள். இட உறுதிக் கடிதம் அவர்களிடமிருந்து வரட்டும். கட்டணம் வங்கி வழியே போகட்டும். அங்கீகரிக்கப்பட்ட கல்விக் கடனிலிருந்து அனுப்பும் தொகைக்கு டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரிப் பிடித்தம் இப்போது இல்லை.

எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் இறுதியில் ஒரு திட்ட அறிக்கை கேட்பார்கள். 2025-ஆம் ஆண்டின் பி.எல். சட்டத்தில் மின்னணு பி.எல்.லுக்கு எவ்வளவு இடமிருக்கிறது, நம் பகுதித் தோல் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றுக்கு அதனால் எத்தனை நாள் மிச்சமாகும் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வேண்டிய கோப்புகள் நீங்கள் தினமும் உட்காரும் மேசையில் இருக்கின்றன. நிறுவனத்தின் பெயரையும் வாடிக்கையாளர் விவரங்களையும் நீக்கிவிட்டுத் தகவல்களைப் பயன்படுத்த அனுமதி தர முடியுமா என்று மேலாளரிடம் இப்போதே கேட்டு, எழுத்தில் வாங்கி வையுங்கள்.